கச்சத்தீவு: சாமி கும்பிடப் போகலாம், மீன் பிடிக்க முடியாது... ஏன் இப்படி?

பரப்பு வெறும் 285 ஏக்கர். குடிக்கத் தண்ணி கிடையாது, குடியிருக்க ஒரு வீடு கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 33 கி.மீ. தூரத்தில் கிடக்கும் கச்சத்தீவில் நிலையாக நிற்பது அந்தோணியார் கோயில் மட்டும்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரம் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்ற மீனவர் இதைக் கட்டியதாகச் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தோணியார்தான் காவல். நம்மூர் மீனவர்களும் யாழ்ப்பாணத்து மீனவர்களும் இங்கே வலை காயவைத்தார்கள், இளைப்பாறினார்கள், வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவில் சந்தித்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே இலங்கைக் கடற்படை கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான தீவு என்பது தமிழகத்தின் வாதம். ஆனால் 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கடல் எல்லைக்கோடு தீவுக்கு ஒரு மைல் மேற்கே போடப்பட்டது. தீவு இலங்கைப் பக்கம் போய்விட்டது.

குழப்பம் ஆரம்பிப்பது அந்த ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவில்தான். இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்புபோலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது அது. 'வந்து போகலாம்' என்று இருக்கிறதே தவிர, 'மீன் பிடிக்கலாம்' என்ற வார்த்தை அதில் இல்லை! மீன்பிடி உரிமையும் சேர்த்துத்தான் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் அப்போது உறுதி சொல்லப்பட்டது. இரண்டே வருஷத்தில், எமர்ஜென்சி காலத்தில், கதை மாறியது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள், ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டன. தமிழ்நாட்டில் அப்போது கேள்வி கேட்க ஆட்சியே இல்லை, ஜனவரியிலேயே கலைத்துவிட்டார்கள்.

அதனால்தான் திருவிழாப் படகில் பெயர் பதிந்து, அடையாள அட்டையோடு போகிறவர் பக்தர். அதே ஆள் மறுவாரம் வலையோடு எல்லையைத் தாண்டினால் கைது.

2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 2இல் தீவை மீட்கச் சொல்லி சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. ஆனால் தீவு மட்டும் திரும்பி வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கைதுகள் பலவும் நடப்பது அதற்கும் கிழக்கே, நெடுந்தீவு பக்கத்தில். நம்மூர் இழுவைமடி தங்கள் கடலையே வழித்தெடுக்கிறது என்று அங்கே புகார் சொல்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது.