வீட்டை அலங்கரிப்போம், வீட்டாரை மறவோம்

சூனேம் என்னும் ஊரில் வாழ்ந்த செல்வப் பெண்மணி ஒருத்தி, இறைவாக்கினர் எலிசா வந்து தங்குவதற்கென மாடியில் ஓர் அறை அமைத்த வரலாற்றை அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவ்வறையில் இடம் பெற்றவை நான்கே பொருள்கள்: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. பொருள் வசதி இருந்தும் அவள் பகட்டை நாடவில்லை. வருபவர் யார், அவருக்கு வேண்டியது எது என்று மட்டுமே எண்ணினாள். இல்ல அலங்காரக் கலையின் முதற்பாடம் இதுவே. அறையை அழகு செய்யுமுன் அதில் வாழப்போகிறவரை எண்ண வேண்டும்.

இப்பாடத்தை நாம் மறந்து வருகிறோமோ என்ற ஐயம் அண்மையில் எமக்கு எழுந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு புதுமனை மந்திரிப்புக்குச் சென்றிருந்தோம். கூடத்தின் தரை கண்ணாடி போல் மின்னியது. அதற்காக அரை ஏக்கர் நஞ்சை விலைபோயிற்று என்று உறவினர் ஒருவர் மெல்லச் சொன்னார். குருவானவர் தீர்த்தம் தெளித்தவாறு அறை அறையாகச் சென்றார். மாடிப்படியின் கீழே, செருப்பு அலமாரியை அடுத்து, ஒரு சிறு கட்டில் கிடந்தது. சாளரம் இல்லாத அம்மூலையில் வீட்டின் பாட்டி அமர்ந்திருந்தார். "எனக்கு இது போதும் சாமி" என்றார். மற்ற அறைகளில் நின்றதைவிடக் குருவானவர் அங்கேதான் நெடுநேரம் நின்று செபித்தார். உடன் சென்ற எவரும் பேசவில்லை.

ஆகவே இல்லத்தின் ஒவ்வோர் அறையையும் "இங்கே வாழ்பவர் யார்?" என்ற கேள்வியோடு சுற்றி வருவோம்.

கூடம்

நம் முன்னோர் வீடுகளில் திண்ணையும் பட்டாசாலையும் இருந்தன. வழிப்போக்கனும் அமரலாம், வீட்டாரும் படுத்துறங்கலாம். இன்றைய கூடங்களிலோ பெரிய நாற்காலித் தொகுதிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதவும் வழியில்லை.

மலைக்கு அப்பால் கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதற்கு மாற்று வழி காட்டினார். இங்கிலாந்தில் பிறந்து 1945இல் இந்தியா வந்த அவர், செங்கற்சுவரோடு சேர்த்தே இருக்கைகளையும் மாடங்களையும் அமைத்தார். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்களின் வழியே காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தன. நாமும் சாளரத்தின் கீழ் ஒரு திண்டு கட்டலாம். சுவர் எழும்பும்போதே புத்தகத்துக்கு ஒரு மாடம் விட்டு வைக்கலாம். பின்னர் அலமாரி வாங்கும் செலவு குறையும்.

நம் பகுதியின் காற்றையும் மறத்தலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மலையிடை வழியே விரைந்து வீசுகிறது. ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகளே இதற்குச் சான்று. காற்று நுழைய ஒரு சாளரம் இருந்தால் போதாது. அது வெளியேற எதிர்ச்சுவரில் மற்றொன்றும் வேண்டும். மேற்குச் சாளரத்துக்கு மாலை வெயிலைத் தடுக்கும் சாய்ப்பு தேவை. திரைக்கு நம் மாவட்டத்துக் கைத்தறித் துணி ஏற்றது. நெசவாளர் குடும்பத்துக்கும் அது சோறு போடும்.

அடுக்களை

தாய் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் இது. ஆயினும் பல வீடுகளில் இதுவே இருண்ட அறை! இங்கு வெளிறிய வண்ணம் பூசுதல் நலம். சிறிதளவு வெளிச்சமும் பெருகித் தெரியும். சமையல் மேடை, சமைப்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கொத்தனாரின் வழக்கமான அளவுக்கு விட்டுவிடாமல், வீட்டுத் தலைவியை நிற்கச் செய்து அளப்பதே முறை. மேடை தாழ்ந்தால் முதுகு நோகும். உயர்ந்தால் தோள் வலிக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆதலால் மேலே புகைபோக்கி இருப்பினும், தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை இருத்தல் இன்றியமையாதது. உருளையை எப்பொழுதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

படுக்கையறை

மெத்தைக்காக நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர். கோடையில் வெடிக்கும் காய்களிலிருந்து எடுக்கப்படும் இப்பஞ்சு இலேசானது. நீர் எளிதில் ஒட்டாதது. இம்மெத்தையைத் தண்ணீரில் நனைத்தல் கூடாது. அவ்வப்போது வெயிலில் உலர்த்தித் தட்டினால் மீண்டும் உப்பும். ஆண்டுகள் பல சென்று அமுங்கிவிட்டால் பஞ்சைப் பிரித்துப் புதியது சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு, வலக்கையால் எழுதுபவர்க்கு இடப்புறமிருந்து வெளிச்சம் வரட்டும். அப்போது கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

முதியோரின் இடம்

முதியோர்க்குக் கீழ்த்தளத்தில், சாளரத்தை ஒட்டி, கழிப்பறைக்கு அருகில் இடம் தருதல் நம் கடமை. மின்னும் தரை கண்ணுக்கு அழகு, ஈரக்காலுக்கோ ஆபத்து! குளியலறையில் சொரசொரப்பான ஓடு பதிக்க வேண்டும். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். தெருவையோ மரத்தையோ பார்க்கும் ஒரு சாளரம் முதியவர்க்கு மருந்தினும் மேலான துணை.

செப இடம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 11ஆம் எண், குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் காண்கிறது. தந்தை மத்தேயோ கிராலி 1907ஆம் ஆண்டு முதல் பரப்பிய திரு இருதயப் படம் நிறுவும் பக்தி, நம் இல்லங்களிலும் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அப்படம் இன்று எங்கே? தொலைக்காட்சி கூடத்தின் நடுவே வீற்றிருக்க, திரு இருதயம் கதவுக்குப் பின்னே ஒதுங்கிவிட்டதன்றோ! பெரிய பீடம் தேவையில்லை. சுவரில் ஒரு மாடம், ஒரு திருப்படம், திருவிவிலியம், விளக்கு, குடும்பம் முழுவதும் அமரத்தக்க பாய் விரிக்கும் இடம் – இவை போதும். ஆடிக்காற்றில் சுடர் அணையாதபடி சாளரத்துக்கு நேரே அமைக்காதிருத்தல் நலம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விடுத்த 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 147ஆம் எண்ணில், நாம் வாழும் சூழல் நம் எண்ணத்தையும் உணர்வையும் செயலையும் பாதிக்கிறது என உணர்த்துகிறார். நெருக்கடியான குடியிருப்பில் வாழும் ஏழைகளும் அன்பினால் அதனை மாண்புள்ள இடமாக மாற்ற வல்லவர்கள் என்பதையும் அடுத்த எண்ணில் நினைவூட்டுகிறார். எனவே அழகு பணத்தின் பிள்ளையன்று, அக்கறையின் பிள்ளை.

சில மாதங்களுக்குப் பின் அதே வீட்டுக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. விருந்தினர்க்கெனப் பூட்டி வைத்திருந்த கிழக்கு அறை திறந்திருந்தது. சாளரத்தருகே கட்டிலில் பாட்டி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இந்த மாற்றத்துக்கு ஆன செலவு, கட்டிலைத் தூக்கிய இருவரின் உழைப்பு மட்டுமே. ஆனால் அவ்வீட்டில் அதைவிட அழகிய அலங்காரம் எமக்கு வேறொன்றும் தென்படவில்லை.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பியதும், குடும்பத்தோடு நம் வீட்டை அறை அறையாகச் சுற்றி வருவோமா? வெளிச்சமில்லாத மூலையில் இருப்பவர் யாரென்று முதலில் பார்ப்போம். அலங்காரத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.