ஒரு மில்லியன் கிலோமீட்டரும் கூடுதல் முப்பது நிமிடமும்

சிங்கப்பூரில் ரயில் நின்றுபோன அன்று பயணிகள் கொட்டும் கோபத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வரும். எண்களைக் கேட்டால் எம்ஆர்டி ரயில் நம்பகமான சேவை. நடைமேடையில் நிற்பவரைக் கேட்டால் "மறுபடியுமா?" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அந்த எண் எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் உண்டாக்கும் கோளாறு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன? ஆணையத்தின் முக்கிய அளவுகோல் இதுதான். 2015-இல் அது 133,000 கிலோமீட்டராக இருந்தது. 2018-இல் 690,000. 2019-இல் ஒரு மில்லியனைத் தாண்டியது. இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்ற பழைய இரண்டு பாதைகளிலும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கட்டைகள் போட்டார்கள், மின்சாரம் கொடுக்கும் மூன்றாம் தண்டவாளத்தை மாற்றினார்கள், சமிக்ஞை முறையையே புதிதாக்கினார்கள். அத்தனை உழைப்பும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஆறு நிமிடத் தாமதமும் ஒன்றுதான், ஆறு நாள் முடக்கமும் ஒன்றுதான். ஞாயிறு அதிகாலையில் பாதி காலியாக ஓடும் ரயில் நின்றாலும், திங்கள் காலை எட்டரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேசுக்குள் மூச்சுவிட இடமில்லாமல் நுழையும் ரயில் நின்றாலும் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ரயில் ஓடிய தூரம் கணக்கில் வருகிறது. உள்ளே நின்றிருந்தவரின் காலைப்பொழுது வருவதில்லை.

ஆறு நாள் என்றது உவமைக்காக அல்ல. 2024 செப்டம்பர் 25 காலை, கிழக்கு-மேற்குப் பாதையில் கோளாறு கண்ட ஒரு ரயிலிலிருந்து பயணிகளை இறக்கிவிட்டு, அதை உலு பாண்டான் பணிமனைக்கு ஓட்டிச் சென்றார்கள். தொடக்கக் காலத்தில் வாங்கிய, முப்பத்தைந்து வயதைக் கடந்த கவாசாகி ரயில் அது. வழியில் டோவர் அருகே அதன் அச்சுப் பெட்டி கழன்று விழுந்தது. சக்கரத்தைத் தாங்கும் அச்சின் நுனியில், மசகுக்குள் சுழலும் தாங்குருளைகளை மூடியிருக்கும் உலோகக் கூடு அது. கூடு போனதும் சக்கரத் தொகுதி தண்டவாளத்தை விட்டு இறங்கியது. ரயில் அப்படியே இழுத்துக்கொண்டு போனதில் 2.55 கிலோமீட்டர் பாதை நாசமானது. நடுவழியில் நின்றுவிட்ட இன்னொரு ரயிலின் பயணிகள் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு தண்டவாளத்தில் இறங்கி, வரிசையாக நடந்து நிலையம் சேர்ந்தார்கள். மறுநாள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் எழுத்துத் தேர்வு. அந்தப் பகுதிப் பெற்றோரின் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விசாரணை அறிக்கை 2025 ஜூனில் வந்தது. என்னைக் கேட்டால், தண்டவாளச் சேதத்தைவிடக் கவலை தருவது அதிலுள்ள இன்னொரு தகவல். சூடேறிய அச்சுப் பெட்டிகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே பாதையோரம் ஒரு கருவி உண்டு. அன்று காலை அது 118 டிகிரி செல்சியஸைப் பதிவு செய்தது. ஆனால் ரயிலின் அடையாள எண் பதிவாகவில்லை. எண் இல்லாததால் அளவே தவறாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 500,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்க வேண்டிய முழுப் பராமரிப்பும் தள்ளிப்போயிருந்தது, ரயில் 690,000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழையதை ஓய்வு கொடுத்து அனுப்பப் புது ரயில்கள் கைக்கு வர வேண்டும், கொவிட் காலத்தில் அவை வந்துசேரத் தாமதமானது. காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். அச்சுப் பெட்டிக்குள் இருக்கும் மசகுக்கு அது தெரியாது.

அந்த வாரம் பயணிகளை வாட்டிய இன்னொன்று தேதி. வெள்ளிக்கிழமை சரியாகிவிடும் என்றார்கள், பிறகு திங்கள் என்றார்கள், கடைசியில் அக்டோபர் 1 செவ்வாய்க்கிழமைதான் ரயில் ஓடியது. கடைசித் தள்ளிப்போடலுக்குக் காரணம், சுமை ஏற்றிச் சோதித்தபோது தண்டவாளத்தில் 12 புதிய விரிசல்கள் தென்பட்டதுதான். அதைப் பார்த்த பிறகும் திறந்திருந்தால்தான் குற்றம். ஆக, தள்ளிப்போட்டது சரி. தெரியாத தேதியை முந்திக்கொண்டு வாக்குறுதியாகக் கொடுத்ததுதான் தவறு.

நிலையத்தில் நடப்பதும் இதன் சிறிய வடிவம்தான். ரயில் நகராது. ஒலிபெருக்கி "கூடுதலாக முப்பது நிமிடப் பயண நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்" என்று சொல்லும். இப்போதே வெளியேறிப் பேருந்து பிடிப்பதா, உள்ளேயே காத்திருப்பதா என்ற ஒரே கேள்விக்கு அதில் பதில் இருக்காது. வெளியே வந்தால் இலவசப் பேருந்துச் சேவைக்கான வரிசை, எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று தெரியாமல் நிறுத்தத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும். ஒரு ரயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றும், ஓர் ஈரடுக்குப் பேருந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே திணறும். எத்தனை பேருந்து விட்டாலும் இந்தக் கணக்கு தீராது. அதனால்தான் முதல் ஐந்து நிமிடத்தில் வரும் தகவல் பேருந்தைவிட முக்கியமாகிறது: கையில் மாற்று வழி உள்ளவர் கிளம்பிவிட்டால் வரிசை பாதியாகும்.

2011-ஐ மறக்காதவர்கள் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அந்த டிசம்பர் 15 மாலை வடக்கு-தெற்குப் பாதையில் மூன்றாம் தண்டவாளம் தொய்ந்து ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றன. விளக்கும் காற்றும் குறைந்த பெட்டியொன்றில் தீயணைப்பானை எடுத்து ஒருவர் சன்னலை உடைத்தார். அதே நேரம் ரயில் நிறுவனத்தின் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போனது. ரயில் சேவை தடைப்பட்டிருக்கிறது, இது வருமானம் ஈட்ட வாய்ப்பு என்பது அதன் சாரம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சன்னலும் தண்டவாளமும் பழுது பார்க்கப்பட்ட பிறகும் ஊர் மறக்காதது அந்தக் குறுஞ்செய்தியைத்தான்.

கோளாறின் காரணம் உடனே தெரிந்துவிடும் என்றும் இல்லை. 2016-இல் வட்டப் பாதையில் ஓட்டுநர் இல்லா ரயில்கள் சமிக்ஞையை இழந்து திடீர் திடீரென்று நின்றன. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய தொல்லைக்கு நவம்பரில்தான் விடை கிடைத்தது. அரசாங்கத் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரத்தையும் இடத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். புள்ளிகள் சாய்கோடாக நகர்ந்தன. எதிர்ப் பாதையில் ஏதோ ஒன்று கடந்து செல்லச் செல்ல, எதிரே வரும் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றிருக்கின்றன. அது பிவி46 என்ற ஒரே ரயில். தனக்கு ஒன்றும் ஆகாமல், பழுதான கருவியால் மற்றவற்றின் சமிக்ஞையைக் கலைத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. "காரணம் இன்னும் தெரியவில்லை" என்பது அந்த இரண்டு மாதமும் உண்மையான பதிலாகத்தான் இருந்தது. அதைப் பயணிகள் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொள்ள முடியாதது 2017-இல் பீஷான் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது வெளிவந்த செய்தி: நீரிறைப்பான்களைப் பராமரித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது, வேலை நடந்திருக்கவில்லை.

பராமரிப்புக்கான நேரமும் கொஞ்சம்தான். கடைசி ரயில் நள்ளிரவு தாண்டி அடங்கும், விடியலுக்கு முன் முதல் ரயில் புறப்பட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களும் கருவிகளும் உள்ளே போய், திரும்பச் சோதித்து வெளியேறும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் மூன்றரை மணி நேரம். இதனால்தான் திட்டமிட்டு மூடுவதை நான் ஆதரிக்கிறேன். 2025 நவம்பர் 29 முதல் டிசம்பர் 8 வரை பிடோக்குக்கும் தெம்பனிசுக்கும் இடையே ரயில் ஓடவில்லை. புதிய பணிமனைக்கான பாதையை இணைக்கும் வேலை. ஆறு நாள் முடக்கத்தைவிட நீண்டதுதான், ஆனால் எந்தத் தேதியில் எந்தப் பேருந்து என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

2024 முடக்கத்துக்காக, அந்தப் பாதையை நடத்தும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு 2.4 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இத்தகைய அபராதம் பொதுப் போக்குவரத்து நிதிக்குப் போய், வசதி குறைந்த குடும்பங்களின் கட்டணச் சுமையைக் குறைக்க உதவுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆறு நாளில் பயணிகள் இழந்த நேரம் எவ்வளவு என்பதை அபராதத் தொகையும் சொல்லாது, ஒரு மில்லியன் கிலோமீட்டரும் சொல்லாது. லண்டன் சுரங்க ரயிலில் தடங்கல் நேர்ந்தால் எத்தனை பயணிகள், எவ்வளவு நேரம் என்று பெருக்கி, இழந்த மணிநேரமாகக் கணக்கிடும் முறை நெடுநாளாக உண்டு. ஈஸி-லிங்க் பயண அட்டையை யார் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்பது பதிவாகும் ஊரில் அந்தக் கணக்கைப் போடுவது கடினமான வேலை அல்ல.