சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே!

சிங்காநல்லூரில் பஸ் ஏறித் திருச்சி சாலையில் கிழக்கே போனால், சூலூர் வரும், பல்லடம் வரும், அப்புறம் காங்கேயம். வெள்ளையரின் பீரங்கிக்கு அஞ்சாத ஒரு தளபதி பிறந்த மண் அது. அவர்தான் தீரன் சின்னமலை!

பெயர் வந்த கதை

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. அரண்மனைப் பிள்ளை அல்ல. வேளாண் குடும்பத்துப் பிள்ளை.

அந்நாளில் கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. இங்கே வசூலித்த வரிப் பணம் மைசூருக்குப் போய்க் கொண்டிருந்தது. ஒரு நாள் தீர்த்தகிரி அதை வழிமறித்துப் பறித்தார்; ஏழைகளுக்குக் கொடுத்து விட்டார்.

"பறித்தது யார் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று கலங்கினார்களாம் மைசூர் ஆட்கள்.

"சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்தது என்று சொல்லுங்கள்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

பகை நட்பானது

பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி படையெடுத்தது. வரியை எதிர்த்த அதே சின்னமலை, இப்போது மைசூர் திப்பு சுல்தானுக்குத் துணை நின்றார். கம்பெனி வென்றால் நாடே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். சின்னமலை பணியவில்லை. அரச்சலூருக்கு அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார், ஆட்களைத் திரட்டினார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைப் பிடிக்க வகுத்த திட்டம் முறிந்தது. கிளர்ச்சிக்காரர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அப்போதும் அவர் தளரவில்லை.

1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்து வென்றார்.

சோறு போட்ட கை

போரில் பிடிக்க முடியாதவரைச் சூழ்ச்சியால் பிடித்தார்கள். பழனி மலைப் பக்கம் மறைந்திருந்தபோது, அவருடைய சமையற்காரனே காட்டிக் கொடுத்தான் என்கிறார்கள். சோறு போட்ட கையே விலங்குக்கு வழி காட்டியது!

1805 ஜூலை 31. சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையும் அவருடைய தம்பிமாரும் தோழர் கருப்ப சேர்வையும் தூக்கிலிடப்பட்டனர்.

அன்று ஆடி 18. காவிரிக் கரையெங்கும் பெண்கள் புது வெள்ளத்தை வணங்கும் நாள்!

ஓடாநிலையில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2005-ல் தபால் தலையும் வெளிவந்தது. ஆடிப் பெருக்கு நாளில் சின்னமலைக்கு மாலை போட ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள். அடுத்த ஆடியில் ஆற்றங்கரைக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.