மல்லிகைக்கும் மீசை உண்டு

பூ மணம் பெண்களுக்கு மட்டுமே என்று தீர்ப்பு எழுதியது யார்? தாணேயில் ரயில் ஏறி மஸ்ஜித் பந்தரில் இறங்கினால் பாதி விடை கிடைத்துவிடும்.

காலை எட்டரை மணி. தாணேயிலிருந்து தென் மும்பைக்குக் கிளம்பும் லோக்கல் ரயிலில் இரண்டாம் வகுப்புப் பெட்டி. நிற்க இடமில்லை, மூச்சு விடவும் ஏறக்குறைய அப்படித்தான். தேங்காய் எண்ணெய், வியர்வை, யாரோ கன்னத்தில் அதக்கியிருக்கும் புகையிலை, மூன்று நான்கு ரக டியோடரன்ட் எல்லாம் கலந்த கூட்டு வாசனை. யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் முழுக்கைச் சட்டையும் மீசையுமாக ஏறும் ஒருவரிடமிருந்து மல்லிகை மணம் வரட்டும், பத்துத் தலைகள் திரும்பும். பெட்டியில் பெண்கள் யாராவது ஏறிவிட்டார்களா என்று முதலில் தேடும். இல்லை என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு. "என்ன சார், வீட்டம்மா பூவை நீங்க வெச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

கேலி லேசானதுதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பயந்தே பிடித்த வாசனையைக் கடையிலேயே வைத்துவிட்டு வரும் ஆண்கள் ஏராளம். ரோஜாவும் மல்லிகையும் பெண்ணுக்கு. மரம், மிளகு, எலுமிச்சை, தோல் வாசனை ஆணுக்கு என்ற பாகப்பிரிவினை காலங்காலமாக இருந்துவருவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு வயது மிகக் குறைவு. பத்திரம் எழுதப்பட்டதும் இந்த மண்ணில் அல்ல.

பூச்சூடிய வீரர்கள்

தமிழனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போருக்குப் போகும்போதே பூச்சூடிப் போனவன் அவன். பகைவரின் ஆநிரையைக் கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மண் பிடிக்கப் போனால் வஞ்சி, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றுவிட்டால் வாகை. புறத்திணைகளின் பெயர்களே பூக்களின் பெயர்கள்தான். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேப்பம்பூ என்று மூவேந்தருக்கும் ஆளுக்கொரு பூ. மார்பில் சந்தனமும் தலையில் கண்ணியும் இல்லாத சங்க காலத் தலைவனைக் கற்பனை செய்வதே கடினம். அவனுடைய ஆண்மையை யாரும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை.

வடக்கிலும் இதே கதை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், வானியலும் சோதிடமும் பேசும் தன் பிருஹத் சம்ஹிதையில் நறுமணக் கலவைகளுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரால் வந்த மானசோல்லாசம், அரசன் அனுபவிக்க வேண்டிய இன்பங்களின் பட்டியலில் பூச்சும் மாலையும் சேர்த்தது. முகலாயர் காலத்தில் ரோஜா எண்ணெய் அரண்மனைக்கே வந்துவிட்டது. பன்னீர் தயாரிக்கும்போது மேலே படிந்த எண்ணெயை நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் கவனித்துச் சேகரித்ததையும், அதன் மணத்தையும், ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறார். கண்டுபிடித்தவர் பெண், மயங்கியவர் பாதுஷா.

இந்தப் பழக்கம் முழுக்க அழிந்துவிடவில்லை. மாட்டுங்காவின் கல்யாண மண்டபங்களில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும்போது ஆண், பெண் என்று யாரும் பார்ப்பதில்லை. மணமகன் கழுத்தில் ரோஜாவும் சம்பங்கியும் கனக்கின்றன. ஜவ்வாது தடவிய மாமாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு இருக்கும் இந்தச் சலுகை திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கிடையாது. அதுதான் வேடிக்கை.

லேபிள் செய்த வேலை

ஐரோப்பாவிலும் முதலில் பேதம் இல்லை. 1709-இல் கொலோன் நகரில் யோஹான் மரியா ஃபரினா ஆரம்பித்துவைத்த 'ஓ டி கொலோன்' ஆரஞ்சுப் பூவின் சாயல் கொண்டது. மாவீரன் நெப்போலியன் அந்த ரகத்தைக் குப்பி குப்பியாகக் காலி செய்தவர். 1872-இல் லண்டனில் வில்லியம் பென்ஹாலிகன் ஆண்களுக்குத் தயாரித்த 'ஹம்மாம் பொக்கே' ரோஜா மணக்கும் சரக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகரக் காற்று மாறியது. ஆண்களின் உடுப்பு கறுப்பும் சாம்பலுமாக அடங்கியதுபோல வாசனையும் அடங்கியது. 1882-இல் பாரிஸின் ஹூபிகான் நிறுவனம் 'ஃபூஜேர் ரொயால்' என்ற கலவையை வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பெரணிச் செடி. பெரணிக்கு வாசனையே கிடையாது. பெயர்தான் காடு; புட்டிக்குள் முக்கியமாக இருந்தது லாவெண்டர். பின்னாளில் 'ஆண் வாசனை' என்று உலகமே ஒப்புக்கொண்ட பெரிய குடும்பத்துக்கு இதுவே மூதாதை. லாவெண்டர் என்ன வேரா, பட்டையா? அதுவும் பூதான்.

இன்னும் சுவையான சமாசாரம் ஓல்டு ஸ்பைஸ். நம் அப்பாக்களின் ஷேவிங் அலமாரியில் வெள்ளைப் புட்டியாக நின்ற அதே சரக்கு, 1937-இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்தது பெண்களுக்காக. ஆண்களுக்கான பதிப்பு அடுத்த ஆண்டுதான் வந்தது. கப்பல் படமும் கடல் காற்றும் சேர்ந்து அதை அசல் ஆண்பிள்ளைச் சரக்காக்கிவிட்டன.

1966-இல் வந்த கிறிஸ்டியன் டியோரின் 'ஓ சவாஜ்' இன்னொரு சாட்சி. எட்மோன் ருத்னிட்ஸ்கா உருவாக்கிய இந்த ஆண் வாசனைத் திரவியத்தின் புதுமையே ஹெடியோன் என்ற பொருள். மல்லிகையின் மணத்தை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து வேதியியலாளர்கள் கண்டெடுத்தது அது. எலுமிச்சைக்குப் பின்னால் மல்லிகையை ஒளித்துவைத்துவிட்டு, பெயரில் 'காட்டுத்தனம்' என்று போட்டார்கள். உலகெங்கும் ஆண்கள் அள்ளிப் பூசிக்கொண்டார்கள். 1988-இல் வந்த 'ஃபாரன்ஹீட்'டில் வயலெட் பூவின் சாயல்.

வேதியியலும் இதே பக்கம்தான் சாய்கிறது. லாவெண்டரின் மணத்துக்கு முக்கியக் காரணமான லினலூல், நம் குண்டு மல்லியிலும் இருக்கிறது. அதனுடன் துளியளவு இண்டோல் சேரும்போதுதான் மல்லிகைக்கு அந்த இரவு நேர அடர்த்தி வருகிறது. இந்த மூலக்கூறுகள் எதற்கும் ஆண்பால், பெண்பால் கிடையாது. பால் பேதம் உள்ள பூ ஒன்று உண்டென்றால் அது தாழம்பூ. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண்கள் ஆசையாகப் பின்னலில் வைத்துத் தைத்துக்கொள்ளும் மணம் மிக்க தாழம்பூ, ஆண் மரத்தின் பூ. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் கேவ்டா அத்தர் இறக்குவதும் அந்த ஆண் பூவிலிருந்துதான்.

மஸ்ஜித் பந்தரில் ஒரு துளி

1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேக்கு வந்தது. அதே தடத்தில் எதிர்த்திசையில் போனால் கடைசி நிலையத்துக்கு முந்தையது மஸ்ஜித். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் முகமது அலி சாலையும் அத்தர் கடைகளும். கண்ணாடி அலமாரிகளில் வரிசையாகக் குலாப், மோதியா, சமேலி, கேவ்டா, கஸ், ஹினா. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியைப் புறங்கையில் இழுத்துக் காட்டுவார். குலாபா, மோதியாவா என்றுதான் கேள்வி வரும். ஆணுக்கா, பெண்ணுக்கா என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை.

இங்கேதான் இரண்டாவது தயக்கம் முளைக்கிறது. அத்தரில் ஆல்கஹால் இல்லை. நறுமணம் பூசுவது நபி விரும்பிய வழக்கம் என்பது முஸ்லிம்களின் மரபு. எனவே வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் பெருநாளுக்கும் அத்தர் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு, மணத்தை வைத்தே ஆளின் மதத்தைக் கணக்குப் போடும் மூக்குகளும் நகரத்தில் இருக்கின்றன. 1992-93 கலவரங்களைக் கண்ட மும்பையில் இது சின்ன விஷயமல்ல. மல்லிகை பூசியவனைப் பெண் என்று சிரிப்பதும், அத்தர் பூசியவனை வேற்றாள் என்று ஒதுங்குவதும் ஒரே மூக்கு செய்கிற வேலைதான். இரண்டிலும் முகர்ந்து பார்க்கப்படுவது பூ அல்ல, ஆள்.

பூ நம்முடையது, புட்டி?

இந்தக் கூச்சத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஹர்ஷரின் தலைநகரம் என்று பாடப்புத்தகத்தில் படித்த கன்னோசியில் இன்றும் செம்பு அண்டாவில் பூவைப் போட்டு, களிமண்ணால் மூடி, மூங்கில் குழாய் வழியே ஆவியை இறக்குகிறார்கள். மறுமுனையில் செம்புப் பாத்திரத்தில் காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் ஆவி அதில் ஊறுவதுதான் அசல் அத்தர். சந்தனம் விலை ஏறியதும் பல இடங்களில் அதன் இடத்தை லிக்விட் பாரஃபின் பிடித்துக்கொண்டது. 1999-இல் 'ஆக்ஸ்' இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இளைஞர்களின் கை டியோடரன்ட் பக்கம் போய்விட்டது.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மல்லியை மொட்டாகக் காலையில் பறிக்கிறார்கள். மணம் பிறப்பது மாலையில் மொட்டு அவிழும்போது. சாறு எடுக்கும் ஆலைகள் அதுவரை காத்திருக்கின்றன. ஒரு டன் பூவிலிருந்து கிடைக்கும் மெழுகு போன்ற சாரம் சில கிலோதான். அது வெளிநாட்டு வாசனை நிறுவனங்களுக்குப் பயணமாகி, விலை உயர்ந்த புட்டிகளில் திரும்பி வருகிறது. பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருந்தால் அதே மல்லிகையை நம் ஆண்கள் கூச்சமின்றிப் பூசிக்கொள்கிறார்கள்.

பூசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி எளிது. அத்தர் எண்ணெய், ஸ்பிரே மாதிரி பரவாது, உடலோடு ஒட்டியிருக்கும். மணிக்கட்டில் ஒரு துளி, காதுக்குப் பின்னால் ஒரு துளி போதும். பழைய ஆட்கள் பஞ்சில் தொட்டுக் காது மடலில் செருகிக்கொள்வார்கள். சட்டையில் தடவினால் கறை விழும். கடையிலேயே முடிவெடுக்காமல் அரை மணி நேரம் தோலில் விட்டுப் பார்ப்பது நல்லது. கோடைக்கு ரோஜா, மல்லிகை, வெட்டிவேர். குளிருக்கு ஹினா என்பது பழைய கணக்கு. தோலா நூறு ரூபாய்க்கு 'சுத்தமான ரோஜா' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அசல் ரோஜா எண்ணெய் கிலோ பல லட்சம். சிலருக்குப் பலமான மணம் தலைவலி கொடுக்கும் என்பதால் நெரிசல் ரயிலுக்கு ஒரு துளிக்கு மேல் பூசாமல் இருப்பது நாகரிகம்.

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளில் நாள் முழுக்க மல்லி தொடுக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். வீடு திரும்பும்போது விரல், சட்டை, முடி எல்லாம் மல்லிகைதான். ரயிலில் அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது உழைப்பின் வாசனை என்று எல்லோருக்கும் தெரிகிறது. பிழைப்புக்காக ஓர் ஆண் பூ மணக்கலாம், பிடித்ததற்காக மணக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?