ஊசிக்கு முன் ஒரு படம்

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கும் புரோஸ்டேட் என்றொரு சுரப்பி இருப்பதே ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. அந்த அறிக்கையில் பி.எஸ்.ஏ. என்ற அளவு 4-ஐத் தாண்டியதும் புற்றுநோய்ப் பயம் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. வயதால் வரும் சாதாரண வீக்கமும், சிறுநீர்த் தொற்றும், சுரப்பியின் அழற்சியும்கூட அந்த அளவை ஏற்றிவிடும். முன்பு இதற்கு அடுத்த படி நேராக பயாப்ஸிதான். அல்ட்ராசவுண்ட் துணையோடு பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். கட்டி இருக்கும் இடம் தெரியாமல் குத்துவதால், ஆபத்தான கட்டியே தப்பிவிடுவதும் உண்டு.

நீர் சொல்லும் சேதி

இப்போது ஊசிக்கு முன்பே கட்டியின் இடத்தைத் தேட ஒரு படம் உண்டு; அது நீரின் நடமாட்டத்தைப் பார்க்கிறது. திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைபவை. நலமான புரோஸ்டேட்டின் வெளிப்பகுதியில் சுரப்புநீர் நிறைந்த நுண்குழாய்கள் ஏராளம் என்பதால், அங்கே நீர் தாராளமாக உலவும். புற்றுநோய் வந்தால் குழாய்கள் சிதைந்து, செல்கள் நெருக்கியடித்து நிற்கும். தேர்க்கூட்டத்தில் சிக்கியவரைப்போல நீர் நகரத் திணறும். டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. அளப்பது இந்தத் திணறலைத்தான்.

அளவு ஏ.டி.சி. என்ற எண்ணாக வரும். நலமான வெளிப்பகுதியில், வினாடிக்கு இத்தனை சதுர மைக்ரோமீட்டர் என்ற கணக்கில், அது 1,500-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் 1,000-க்குக் கீழே இறங்கிவிடும். கட்டி எவ்வளவு வீரியமானதோ, பொதுவாக எண்ணும் அவ்வளவு குறையும். கட்டி எங்கே என்பதோடு அது எத்தகையது என்பதற்கும் குறிப்புக் கிடைப்பதால்தான் இதை நான் பெரிய முன்னேற்றமாக மதிக்கிறேன். இந்தப் படத்துக்குக் கதிர்வீச்சும் இல்லை, கான்ட்ராஸ்ட் ஊசியும் தேவையில்லை.

பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த ‘ப்ராமிஸ்’ ஆய்வு 2017-இல் வெளியானது. டிஃப்யூஷன் படத்தையும் உள்ளடக்கிய எம்.ஆர்.ஐ., கவலைக்குரிய புற்றுகளில் 93 சதவீதத்தைக் காட்டியது. வழக்கமான பயாப்ஸி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நான்கில் ஒருவருக்கு பயாப்ஸியே தேவைப்படாது என்றும் அந்த ஆய்வு கணித்தது.

எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டாம்

ஏ.டி.சி. எண் இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். அழற்சியிலும் குறையும், புரோஸ்டேட்டைத் தாக்கும் காசநோய் அப்படியே புற்றுநோய்போலத் தோன்றலாம். உள்பகுதியில் வயதால் வரும் சில முடிச்சுகளும் குறைந்த எண்ணையே காட்டும். ஆகவே கதிரியக்க மருத்துவர் மற்றப் படங்களையும் சேர்த்துப் பார்த்து, ‘பைராட்ஸ்’ முறையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார். 4, 5 வந்தால் சந்தேகம் வலுவானது. அப்போதும் நோயை உறுதிசெய்வது பயாப்ஸிதான். ஆனால் ஊசி இம்முறை இடம் தெரிந்து இறங்கும்.

ஸ்கேனுக்குப் போகுமுன்

பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு உலோகத்தாலும், மற்றவர்களுக்கு மலக்குடலில் சேர்ந்த வாயுவாலும் படம் கோணலாகலாம். அண்மையில் பயாப்ஸி செய்திருந்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும் என்பதால் சில வாரங்கள் பொறுக்கச் சொல்வார்கள்.

படத்தில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டே போனாலோ, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தாலோ, பயாப்ஸி தேவையா என்று யூராலஜிஸ்டிடம் மறுபடியும் கேளுங்கள்.