நிருபரா, கதைசொல்லியா? கபுஷின்ஸ்கியைச் சுற்றி ஏன் இவ்வளவு சர்ச்சை?

உகாண்டா தலைநகர் கம்பாலாவின் மீன் சந்தை. மேஜை மீது ஒரு பிரம்மாண்டமான, கொழுத்த மீன் வந்து விழுகிறது. கூட்டம் சட்டென்று அமைதியாகிவிடுகிறது. அது விக்டோரியா ஏரி மீன். சர்வாதிகாரி இடி அமீனின் ஆட்கள் தாங்கள் கொன்றவர்களின் உடல்களை வீசிய அதே ஏரி. மீன் எதைத் தின்று கொழுத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு தடவை படித்தால் மறக்காது, இல்லையா? எழுதியவர் போலந்து பத்திரிகையாளர் ரிஷார்ட் கபுஷின்ஸ்கி. அமீன் ஆட்சியின் கொலைகள் நிஜம். ஆனா மீன்கள் பெருத்ததற்குக் காரணம் வேறு. 1950களில் அந்த ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற மீன் இனம், சின்ன மீன்களைத் தின்றே ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது.

யார் இவர்?

1932-ல் பின்ஸ்க் நகரில் பிறந்தவர். அப்போது அது போலந்து, இப்போது பெலாரஸ். வார்சாவில் இளைஞர் நாளிதழ் ஒன்றில் வேலை செய்தபோது, எல்லையைத் தாண்டி ஒருமுறை போய்ப் பார்க்கணும் என்று ஆசிரியரிடம் கேட்டார். அவர் மனதில் இருந்தது பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியா. 1956-ல் கிடைத்ததோ இந்தியா! ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. டெல்லியில் ஒரு ஹெமிங்வே நாவலை வாங்கி வைத்துக்கொண்டு சொல் சொல்லாகக் கற்றதாக 'டிராவல்ஸ் வித் ஹெரோடோடஸ்' (2004) நூலில் எழுதியிருக்கிறார். (இதுவும் அவரே சொன்ன கதைதான்.)

1960களில் போலந்து அரசு செய்தி நிறுவனத்தின் ஆப்பிரிக்க நிருபர். மேற்கத்திய ஏஜென்சிகளிடம் இருந்த பணம் இவரிடம் கிடையாது. கிடைத்த லாரியில் ஏறிப் போனார். மலேரியா வந்தது, காசநோய் வந்தது. தன் வாழ்நாளில் 27 புரட்சிகளையும் ஆட்சிக் கவிழ்ப்புகளையும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்.

அவர் எழுத்து இரண்டு தடங்களில் போனது. செய்தி நிறுவனத்துக்கு அனுப்பியது யார், எங்கே, எப்போது என்ற வறண்ட தகவல். மிச்சமெல்லாம், அதாவது வாசனை, பயம், காத்திருப்பு, புத்தகங்களுக்குப் போனது. 1975-ல் அங்கோலாவை விட்டு போர்ச்சுக்கீசியர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது இவர் லுவாண்டாவிலேயே தங்கிவிட்டார். வீட்டுச் சாமான் அத்தனையும் மரப்பெட்டிகளில் அடைபட்டு, ஊருக்குள் ஒரு மரப்பெட்டி ஊரே எழும்பி, பிறகு அது கடலேறிப் போய்விடுவதாக அவர் எழுதிய பக்கங்கள் இன்றும் புகழ்பெற்றவை. ஒரு நாடு காலியாவதை இதைவிட நன்றாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது?

1978-ல் வந்த 'தி எம்பரர்' புத்தகத்தில். 1974-ல் ஆட்சி கவிழ்க்கப்பட்ட எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியின் அரண்மனையை, முன்னாள் ஊழியர்களின் குரலிலேயே சொல்லும் நூல். பேரரசரின் நாய்க்குட்டி லூலு பிரமுகர்களின் ஷூ மீது சிறுநீர் கழிக்கும். அதைத் துணியால் துடைப்பதே ஒரு ஊழியரின் வேலை. பத்து வருடம் அதைத்தான் செய்தாராம்!

போலந்து வாசகர்கள் இதை வேறு மாதிரி படித்தார்கள். ஜால்ரா, சதி, தலைவரின் காதில் ஓதுவது என எல்லாமே அவர்களுடைய கம்யூனிஸ்ட் தலைவர் கியெரெக்கின் வட்டத்தை நினைவூட்டியது. தணிக்கையைத் தாண்டி வந்த அரசியல் நையாண்டியாக அது கொண்டாடப்பட்டது.

சரி, எத்தியோப்பியர்களுக்கு? அது அவர்களுடைய வரலாறு. பேட்டி கொடுத்தவர்களின் பெயர்களுக்குப் பதில் வெறும் இனிஷியல்கள். பாதுகாப்புக்காக என்பது நியாயம்தான், ஆனா யாரும் சரிபார்க்க முடியாது. எல்லாரும் ஒரே மாதிரி பழங்கால அலங்கார நடையில் பேசுகிறார்கள். பேரரசருக்குப் படிக்கும் பழக்கமே இல்லை என்கிறது நூல். அவர் நிறையப் படித்தவர் என்கிறார்கள் எத்தியோப்பிய வரலாற்று ஆய்வாளர்கள். வார்சாவில் உருவகமாகப் படிக்கப்பட்டது, லண்டனிலும் நியூயார்க்கிலும் நேரடித் தகவலாகப் படிக்கப்பட்டது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஆப்பிரிக்கா என்றால் எதையும் எழுதலாம், கேட்க ஆளில்லை என்ற வசதி.

நண்பரே எழுதிய புத்தகம்

கபுஷின்ஸ்கி 2007 ஜனவரியில் இறந்தார். அதுவரை இலக்கிய நோபல் பேச்சு வரும்போதெல்லாம் அவர் பெயரும் அடிபட்டது. 2010-ல் அவருடைய நண்பரும், அவரை ஆசானாக நினைத்தவருமான அர்துர் டோமோஸ்வாவ்ஸ்கி வாழ்க்கை வரலாறு எழுதினார். சே குவேராவுடன் பழகியவர் என்று நூல் அட்டைகள் சொல்ல, இவர் சே-வைச் சந்தித்ததே இல்லை என்றது அந்த நூல். வெளியீட்டைத் தடுக்க கபுஷின்ஸ்கியின் மனைவி நீதிமன்றம் போனார். தடை கிடைக்கவில்லை.

இவர் பக்கம் நின்றவர்களும் உண்டு. நாளிதழ்ச் செய்தி வேறு, புத்தகம் வேறு. செய்தியில் அவர் கறாராகவே இருந்தார் என்றார் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் நீல் ஆஷர்சன். பாதி ஒப்புக்கொள்ளலாம். நாவல் என்று அட்டையில் போட்டிருந்தால் மீதியையும் ஒப்புக்கொள்ளலாம். போடவில்லையே!

படித்துப் பார்க்க நினைப்பவர்கள் 'தி எம்பரர்' பக்கம் உடனே போக வேண்டாம். அங்கோலா நூலான 'அனதர் டே ஆஃப் லைஃப்' சின்னது, அவர் கண்ணால் பார்த்ததை ஒட்டியே நகர்வது. 2018-ல் அதே பெயரில் படமாகவும் வந்தது. பாதி அனிமேஷன், நடுநடுவே அங்கோலாவில் அவரோடு பழகியவர்கள் நிஜத்தில் வந்து பேசுகிறார்கள்.