குடிகாரன் காருக்கு இன்ஷூரன்சு உண்டா?

சென்னைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே போனால், கடலை ஒட்டி நொச்சிக்குப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் வீடுகள். மறு பக்கம் மணலும் படகுகளும். நடுவே லூப் சாலை. வீட்டிலிருந்து படகுக்குப் போவதானாலும், படகிலிருந்து மீனைக் கொண்டு வருவதானாலும், இந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். சாலையோரம் மீன் விற்றவர்களுக்கு 2024 ஆகஸ்டில் புதிய அங்காடி கட்டித் திறந்தார்கள். ஆனாலும் சாலையைக் கடக்கும் வேலை தீரவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். விருந்து முடிந்து சில கார்கள் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான்!

"குடித்துவிட்டு ஓட்டினவன் வண்டிக்கு இன்ஷூரன்சு செல்லாது. அடிபட்டால் ஒரு காசு பெயராது" என்று பலர் நினைக்கிறார்கள். காரில் போகிறவர்களோ, "இன்ஷூரன்சு இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று நினைக்கிறார்கள். இருவர் நினைப்பும் தவறு.

மூன்றாவது ஆள் யார்?

கார், ஸ்கூட்டர், ஆட்டோ எதுவானாலும் "மூன்றாம் நபர் இன்ஷூரன்சு" இல்லாமல் சாலையில் ஓட்டக்கூடாது. இது சட்டம். நம் நாட்டில் இந்தக் கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் இருந்து வருகிறது. வண்டிக்காரர் முதல் நபர். கம்பெனி இரண்டாவது நபர். மூன்றாவது நபர் யார்? மீன் கூடையோடு சாலையைக் கடக்கிறாரே, அந்த அம்மாள்தான். அவர் பிரீமியம் கட்டவில்லை. பாலிசியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனால் அந்தப் பாலிசி எழுதப்பட்டதே அவருக்காகத்தான்.

இதனால்தான், வண்டிக்காரர் செய்த தவறுக்கு அடிபட்டவரைப் பட்டினி போடக் கோர்ட்டுகள் தயங்குகின்றன. கேரளத்தில் 2013-ல், குடித்தவர் ஓட்டிய கார் மோதி, ஆட்டோவில் போன ஒருவர் காயம் அடைந்தார். குடிபோதை பாலிசி நிபந்தனைக்கு விரோதம் என்று கம்பெனி வாதாடியது. கேரள ஐகோர்ட்டு 2023-ல், "முதலில் அடிபட்டவருக்குக் கொடு. பிறகு குடித்தவரிடமும் வண்டிச் சொந்தக்காரரிடமும் வசூல் செய்துகொள்" என்ற பொருள்பட உத்தரவிட்டது. சென்னையை அடுத்த திருநீர்மலைச் சாலையில் 2017-ல் நடந்து போன ஒருவர் வேன் மோதி இறந்த வழக்கிலும், சென்னை ஐகோர்ட்டு இதே வழியைத்தான் பின்பற்றியது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த விபத்துகள் பழைய சட்டம் இருந்த காலத்தில் நடந்தவை. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. "ஓட்டியவர் குடித்திருந்தார்" என்பதையும் கம்பெனி எதிர்வாதமாகச் சொல்லலாம் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். ஏழைக்கு இது நல்ல செய்தி அல்ல. இருந்தாலும் எதிர்வாதம் வேறு, தீர்ப்பு வேறு. குடித்திருந்தார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். கம்பெனியே தப்பினாலும், வண்டிச் சொந்தக்காரரும் ஓட்டியவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆகவே, "குடிகாரன் வண்டி" என்று சொல்லி வழக்கைக் கைவிடுவது பேதைமை.

குடித்தவர் கணக்கு

இனி ஓட்டியவர் பக்கம் வருவோம். 2007 டிசம்பரில், டில்லி இந்தியா கேட் அருகே, விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்று மோதித் தீப்பற்றியது. காருக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஓட்டியவரிடம் மது வாடை வீசியது. ஆனால் ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். எடுபடவில்லை! அதிகாலை நேரம், அகலமான சாலை, மது வாடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த சுப்ரீம் கோர்ட்டு, கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

கார் போனால் போகட்டும். ஆள் போனால்? வண்டியை ஓட்டும் சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. அவர் குடித்துவிட்டு ஓட்டி இறந்தால், அந்தப் பணம் அவர் மனைவி மக்களுக்குக் கிடைக்காது. பாலிசியின் பின்பக்கப் பொடி எழுத்தில் இது இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டாவது வீட்டில் ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது.

தண்டனைக்குப் பிறகு

"ஒரு தடவை தண்டனை பெற்றால், அப்புறம் தனி இன்ஷூரன்சு எடுக்க வேண்டும், பணமும் இரட்டிப்பு" என்பது இன்னொரு நம்பிக்கை. இது அமெரிக்காவிலிருந்து வந்த கதை. அங்கே பல மாநிலங்களில், குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர் "எஸ்.ஆர். 22" என்ற பத்திரத்தைக் காட்ட வேண்டும். அது தனி இன்ஷூரன்சு என்று அங்கேயே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, "இவருக்கு இன்ஷூரன்சு இருக்கிறது" என்று கம்பெனி அரசாங்கத்துக்குக் கொடுக்கும் அத்தாட்சிதான். பிரீமியம் ஏறுவது என்னவோ நிஜம்.

நம் நாட்டில் அப்படிப் பத்திரம் இல்லை. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பில், 1,000 சி.சி. வரை உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். மீன் பெட்டி ஏற்றிப் போகும் 100 சி.சி. மொபெட்டுக்கு 714 ரூபாய். குடிக்காதவருக்கும் அதே தொகை, தண்டனை பெற்றவருக்கும் அதே தொகை! இது சரியா என்று கேட்டவர்கள் உண்டு. போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி போட்டு, புள்ளிக்கு ஏற்பப் பிரீமியத்தை ஏற்றலாம் என்று இன்ஷூரன்சு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று 2021 ஜனவரியில் யோசனை சொன்னது. குடித்து ஓட்டுவதற்கு அதில் 100 புள்ளி.

அதற்காகத் தண்டனை லேசு என்று எண்ண வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், 2 ஆண்டு என்று உயரும். லைசென்சும் பறிபோகலாம். அந்தத் தடைக்காலத்தில் வண்டி ஓட்டி யாரையாவது மோதினால், கம்பெனிக்கு இன்னொரு எதிர்வாதம் கிடைத்துவிடும்.

அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் வண்டி நம்பர். அடுத்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பில்களையும் பத்திரப்படுத்த வேண்டும். சென்னையில் நஷ்ட ஈட்டு வழக்குகளைச் சிறுவழக்குகள் கோர்ட்டில் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று திருத்தச் சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கும் போயிருக்கிறது. அந்தச் சண்டை நமக்கு எதற்கு? கெடுவுக்குள் போட்டுவிட்டால் கவலை இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டது, எந்த வண்டி என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அரசாங்கத் திட்டப்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய்.